தோட்டத்துப் பாதையில் மஞ்சள் வலை: கலைக்கவா, விடவா?

மலைவாழை எழுதியது

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு 4 ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி வந்த பிறகு 2 வருடமாக நான்தான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். அதனால் தோட்டம் தெரிந்தவர்களுக்குச் சாதாரணமாகப் படுகிற விஷயம் எனக்குக் கேள்வியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பி காயவைக்கிற களத்திலிருந்து ஓடைக்கு இறங்கும் பாதையில் ஒரு சிலந்தி குடியேறியிருக்கிறது. ஒரு பக்கம் சில்வர் ஓக், மறுபக்கம் பலா. நடுவே ஏழெட்டு அடி இருக்கும், அந்த இடைவெளி முழுக்க வலை. சிலந்தியின் உடம்பு மட்டும் என் சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். காலை விரித்தால் உள்ளங்கை நிறைந்துவிடும். கறுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் கோடுகள், கால் மூட்டுகளிலும் மஞ்சள். பகல் முழுக்கத் தலைகீழாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் விடியற்காலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். முகம் நேராக வலைக்குள். வீட்டு ஒட்டடை மாதிரி நினைக்காதீர்கள். இழை அறுகிற சத்தம் படபடவென்று காதில் கேட்டது. கையால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், பட்டு நூல் மாதிரி மஞ்சளாக மின்னுகிறது. அன்றைக்கு மிச்சத்தையும் கம்பால் சுருட்டி எறிந்தேன். மறுநாள் அதே இடத்தில் புது வலை. மறுபடி எறிந்தேன். மறுபடி கட்டிவிட்டது.

இப்போது பழம் எடுப்பு ஆரம்பிக்கப் போகிறது. வேலைக்கு வருகிற அக்கா அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். எட்டுக்கால் பூச்சி ஏறினாலே உடம்பெல்லாம் கொப்புளம் போடுமாம், பாடம் போட்டால்தான் போகுமாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பந்தத்தைக் கொளுத்திக் காட்டச் சொல்கிறார். என் மச்சான் அந்த மஞ்சள் நூலை விற்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறான், அதையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

இது விஷமா? எவ்வளவோ இடம் இருக்கும்போது ஏன் பாதையிலேயே கட்டித் தொலைக்கிறது? இன்னொன்று. சில நாள் காலையில் வலையின் ஒரு பாதி புதிதாகவும் மறுபாதி பழசாகக் கிழிந்தும் இருக்கிறது. வலையின் ஓரத்தில் அரிசி அளவில் செம்புள்ளிக் குட்டிகள் நாலைந்து தொங்குகின்றன. அவை அதன் குஞ்சுகளா?

ராசிபுரத்தான்

கொசுவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடியுங்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இதற்கு ஒரு பதிவா?

மலைவாழை

மருந்து அடிக்காமல்தான் இத்தனை வருடம் அப்பா தோட்டத்தை வைத்திருந்தார். ஒரு சிலந்திக்காக ஆரம்பிக்க மனசில்லை.

பட்டறைக்காரன்

தம்பி, பந்தத்தை அணையுங்கள் முதலில்.

நான் வால்பாறைப் பக்கம் காட்டில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு உதவியாளாகப் 11 வருடம் நடந்தவன். பறவை எண்ணுகிறவர்கள், தவளை தேடுகிறவர்கள், இலை பொறுக்குகிறவர்கள் என்று விதவிதமாக வருவார்கள். யார் வந்தாலும் வரிசையில் முதல் ஆள் நான்தான். எதற்கென்று நினைக்கிறீர்கள்? யானையைப் பார்ப்பதற்கு மட்டுமில்லை, முகத்தில் வலை வாங்குவதற்கும். முதல் மாதத்திலேயே ஒரு விளாறை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். அப்புறம் வலை தெரிந்தால் விளாறைத் தாழ்த்திவிட்டுக் குனிந்து போகவும் பழகினேன்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு இது நெஃபிலா பிலிபஸ். தங்க வலைச் சிலந்தி என்று சொன்னால் போதும். மேற்குத்தொடர்ச்சி மலை, இலங்கை, மலேசியா, நியூகினி வரைக்கும் இருக்கிற சாதி. உட்கார்ந்திருப்பது பெண். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், வீங்கும், அடங்கிவிடும். தானாக வந்து யார் மேலும் ஏறாது. வலையை விட்டு இறங்கினால் அது அரைக் குருடு, எங்கே போகும்? அந்த அக்கா சொல்கிற கொப்புளத்தை எங்கள் ஊரிலும் எட்டுக்கால் பூச்சி கணக்கில்தான் எழுதுவார்கள். தமிழில் சிலந்தி என்றால் புண், கட்டி என்றும் பொருள் உண்டு. தண்ணீரில் வந்த நரம்புப் புழுவுக்கே நரம்புச்சிலந்தி என்றுதான் பெயர். பெயர் ஒன்றாகிப்போனதால் பழி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது என் எண்ணம். கொப்புளம் வந்தால் பாடம் போடுகிறவரிடம் போகாமல் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஏன் பாதையில் கட்டுகிறது என்றால், பாதை உங்களுக்கு மட்டும் பாதை இல்லை. அடர்ந்த இடத்தில் பறக்கிற பூச்சி எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கேதான் போகும். ஓடைப் பக்கம் இறங்குகிற சந்து என்றால் கேட்கவே வேண்டாம். காற்றும் அந்த வழியாகத்தான் வரும், அது இதற்குக் கட்டாயம் வேண்டும். ஒரு மரத்தில் இருந்துகொண்டு பின்பக்கத்தைத் தூக்கி ஒரு இழையைக் காற்றில் விடும். எதிர்மரத்தில் போய் ஒட்டினால் இழுத்துப் பார்த்துவிட்டு அதன்மேல் நடந்து பாலத்தைத் தடியாக்கும். ஒட்டவில்லை என்றால் இழுத்துச் சுருட்டித் தின்றுவிட்டு மறுபடி விடும். ஏழடி இடைவெளியை அது குதித்துத் தாண்டவில்லை, காற்று தாண்டிக் கொடுத்தது.

மிச்சத்தை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். எங்கப்பா வண்டிப்பட்டறை வைத்திருந்தவர். குடம், ஆரக்கால், வட்டை என்று மாட்டுவண்டிச் சக்கரம் செய்வதைப் பார்த்தே வளர்ந்தேன். சிலந்தியும் சக்கரம்தான் செய்கிறது. ஓரத்தில் சட்டம், நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள். ஆரக்கால் போட்டு முடித்ததும் குடத்திலிருந்து வெளிப்பக்கமாக அகலமாக ஒரு சுற்று இழை போடும். இது பசை இல்லாதது, சாரம் கட்டுகிற மாதிரி. பிறகு ஓரத்திலிருந்து உள்பக்கமாக நெருக்கமாகப் பசை இழையைச் சுற்றிக்கொண்டே வரும். மற்ற பல வட்டவலைச் சிலந்திகள் இப்படி வரும்போதே அந்தச் சாரத்தைப் பிரித்து எடுத்துவிடும். நெஃபிலா பிரிக்காது. சந்தேகம் இருந்தால் நாளைக்கு வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். தடித்த கோடு ஒன்று, நடுவில் மெல்லிய கோடுகள் சில, மறுபடி தடித்த கோடு என்று பிள்ளைகளின் நாலு கோடு நோட்டு மாதிரி இருக்கும். அந்தத் தடித்த கோடுதான் பிரிக்காத சாரம்.

ஒன்றில் மட்டும் அப்பா இதைத் திட்டியிருப்பார். குடம் நடுவில் இருக்காது, மேலே ஏறிக் கிடக்கும். வண்டியில் மாட்டினால் அச்சு முறிந்துவிடும். ஆனால் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு மேலே ஓடுவதைவிடக் கீழே ஓடுவது சுலபம். சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய பக்கத்தில் வலையை அதிகமாக விரித்திருக்கிறது. அவ்வளவுதான்.

பாதி புதுசு, பாதி பழசு விஷயத்தை நீங்களே கவனித்தீர்கள் பாருங்கள், சந்தோஷம். பல வட்டவலைச் சிலந்திகள் தினமும் வலையைச் சுருட்டித் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். இழை என்பது புரதம். தின்றால் வயிற்றுக்குள் போய்த் திரும்ப இழையாகவே வரும். இது பெரிய வலை, முழுசையும் தினமும் கட்டினால் கட்டுப்படி ஆகாது. ஒரு தடவை ஒரு பாதி, அடுத்த தடவை மறுபாதி. வீட்டுக்கூரைக்கு ஒரு வருடம் கிழக்குப் பக்கம் ஓலை மாற்றுவோம், மறுவருடம் மேற்கு, அதே கணக்கு.

நீங்கள் இரண்டு தடவை சுருட்டி எறிந்தது அதற்கு எவ்வளவு நஷ்டம் என்று இப்போது புரியும். கோபமாகச் சொல்லவில்லை, நானும் எறிந்தவன்தான்.

செம்புள்ளிக் குட்டிகள் குஞ்சு இல்லை, திருடர்கள். ஆர்கிரோடஸ் என்கிற வேறு இனம். பெரிய வலையில் ஓரமாகத் தன் இழையைக் கட்டிக்கொண்டு தொங்கும். பெரியவள் கண்டுகொள்ளாத பொடிப் பூச்சியைத் தின்னும், சில சமயம் அவள் சுற்றி வைத்த பொட்டலத்தையே நைசாக அறுத்துக்கொண்டு போகும். வயிறு சொட்டு மாதிரி கூம்பி, வெள்ளிப் புள்ளியோடு பளபளக்கும். அவளுக்குப் பக்கத்தில், குடத்துக்குக் கொஞ்சம் மேலே, மங்கின பழுப்பு நிறத்தில் ஒரு பொடியன் அசையாமல் இருக்கிறானா பாருங்கள். 5, 6 மில்லிமீட்டர்தான் இருப்பான். அவன்தான் வீட்டுக்காரன். சில வலையில் மூன்று நான்கு பேர் காத்துக் கிடப்பார்கள். பக்கத்தில் போனால் அவள் இரையென்று நினைத்துப் பிடித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் முதுகில் ஏறி இழையைப் பூசிப் பூசி அவளைச் சாந்தப்படுத்துவான். சிங்கப்பூரில் இதை உட்கார்ந்து ஆராய்ந்து 2011-ல் எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் ஆனவர்கள் யாரும் இதற்குக் கருத்துப் போட வேண்டாம்.

மச்சானுக்குப் பதில். மடகாஸ்கரில் இதன் உறவுக்காரச் சிலந்தியிலிருந்து நூல் இழுத்து உண்மையிலேயே துணி நெய்தார்கள். 11 அடி நீளம். 10 லட்சத்துக்கும் மேல் சிலந்திகளைப் பிடித்து, நூல் இழுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டார்கள். 4 வருடம் ஆனது. 2009-ல் நியூயார்க்கில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சாயம் எதுவும் போடவில்லை, அந்த மஞ்சள் அதனுடையதே. பட்டுப்புழு மாதிரி கூடையில் போட்டு வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், மறுவாரம் கூடையில் ஒன்றுதான் இருக்கும். மச்சானிடம் மிளகு விலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பால இழை உங்கள் தலைக்கு மேலே போகிறதென்றால் கீழே பாதையை அடைக்கிற இரண்டு மூன்று கட்டு இழைகளை மட்டும் அறுங்கள். ஒன்றிரண்டு நாளில் வலையை மேலே ஏற்றிக்கொள்ளும். முகத்து உயரத்தில் கட்டியிருந்தால் ஒரு நீளக் குச்சியைக் குடத்துக்குக் கீழே மெதுவாகக் கொண்டுபோங்கள். அது தானாகக் குச்சியில் ஏறும் அல்லது இழை விட்டுத் தொங்கும். அப்படியே எடுத்துப்போய், பாதையை விட்டு 30 அடி தள்ளி, இதே மாதிரி இரண்டு மரத்துக்கு நடுவே காற்று வருகிற இடமாகப் பார்த்துக் கிளையில் விடுங்கள். சாயங்காலம் செய்யுங்கள். நான் மாற்றியதில் பெரும்பாலும் தங்கிவிட்டன, ஒன்றிரண்டு மட்டும் பழைய இடத்துக்கே வந்து மானத்தை வாங்கின. சிலந்தி இருக்கிறது, இனிப் பூச்சித் தொல்லை தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு சிலந்தி 4 ஏக்கரைக் காப்பாற்றாது.

ஈப்போ செல்வி

பட்டறைக்காரர் ஐயா, விளாறு என்றதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் மலேசியாவில், பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்கள். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பால் வெட்டப் போவார். பள்ளி விடுமுறையில் வாளி தூக்க நானும் போவேன். நிரையின் ஓரத்தில், காட்டை ஒட்டிய மரங்களுக்கு நடுவில் இதே மஞ்சள் வலைதான். விளக்கு வெளிச்சத்தில் வலை தெரியாது, சிலந்தி மட்டும் அந்தரத்தில் நிற்கும். எனக்கு அலறத் தோன்றும். அம்மா பேசாமல் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "அதுவும் நம்மள மாதிரி விடியறதுக்கு முன்ன வேலைக்கு வந்துருச்சு" என்றார்.

எங்கள் வீட்டு வேலியில் வேறு ஒன்று இருக்கும். வலை நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு, எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறிமேலேயே வைத்து உட்கார்ந்திருக்கும். அது என்ன, ஐயா?

பட்டறைக்காரன்

அம்மா சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், செல்வி.

அது ஆர்ஜியோப். நம் ஊர் வேலியிலும் தாராளமாக உண்டு. அந்தப் பெருக்கல் குறிக்குக் காரணம் கேட்டால் படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். பறவை வலையில் மோதிக் கிழித்துவிடாமல் இருக்க வைத்த எச்சரிக்கைப் பலகை என்று 1983-ல் ஒரு கட்சி. அந்த வெள்ளை இழை புற ஊதா ஒளியைத் திருப்பிவிடுகிறது, அதனால் பூச்சிகள் மயங்கி வருகின்றன என்று 1990-ல் இன்னொரு கட்சி. காட்டுக்கு வந்த மாணவர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கூடாரத்தில் தங்கி, ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. குறி போடாத நாளும் உண்டு என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

இரண்டையும் அருகருகே பார்க்க வாய்ப்பு வந்தால் வெட்டுக்கிளி விழும்போது பாருங்கள். ஆர்ஜியோப் தூரத்தில் நின்றே பின்காலால் இழையை அகலமாக வாரி வாரிப் போர்த்தும். வெட்டுக்கிளி உதைக்க முடியாமல் வெள்ளைப் பொட்டலமாகும், அப்புறம்தான் கடி. நெஃபிலா நேராக ஓடிப்போய் முதலில் கடிக்கும். அடங்கும்வரை கவ்விப் பிடித்திருந்து, பிறகு பிடுங்கியெடுத்துச் சுற்றும். சருகு விழுந்தால் கதையே வேறு. முன்காலால் ஆரக்கால்களை வீணை நரம்பு மாதிரி ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்கும். பதில் அசைவு இல்லை என்றால் மெதுவாக நடந்துபோய், சருகைச் சுற்றியுள்ள இழைகளைக் கடித்து அறுத்துக் கீழே தள்ளிவிட்டு வந்து உட்காரும். திருவானைக்காவில் நாவல் மரத்துச் சருகு லிங்கத்தின் மேல் விழாமல் வலை கட்டிய சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பார்கள். அந்தக் கதையைக் கட்டியவர் வலையில் சருகு தொங்குவதை நிச்சயம் நின்று பார்த்திருக்கிறார்.

மலைவாழை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பழம் எடுப்பு நெருக்கடி.

ஐயா சொன்னபடி சாயங்காலம் குச்சியோடு போனேன். வலை என் மார்பு உயரத்தில் இருந்ததால் மாற்றத்தான் வேண்டியிருந்தது. முதல் தடவை குச்சியைப் பார்த்ததும் பலாமரத்து மேலே ஓடிவிட்டது. இரண்டாம் தடவை ஏறியது. குச்சியின் நுனியில் அதன் கனம் கைக்குத் தெரிந்தது, அதை எதிர்பார்க்கவில்லை. மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கைக்கும் ஒரு சில்வர் ஓக்குக்கும் நடுவே விட்டேன். முதல் நாள் ஒன்றும் கட்டவில்லை, நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டாம் நாள் காலையில் கோணல்மாணலாகக் கொஞ்சம் இழை. நாலாம் நாள் முழு வலை. நாலு கோடு நோட்டும் பார்த்தாயிற்று. பழைய பாதையில் அறுந்த இழைகளில் திருடர்கள் மட்டும் இரண்டு நாள் தொங்கிவிட்டு எங்கோ போய்விட்டார்கள். பொடியன் ஒருத்தன் மட்டும் ஒரு வாரம் கழித்துப் புது வலையில் இருந்தான். பழைய ஆள்தானா, வேறு ஆளா தெரியவில்லை.

அக்கா இப்போது பாதையில் நடக்கிறார், ஆனால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இப்போது ஒரு கவலை. போன திங்கள், செவ்வாய் சிலந்தியைக் காணவில்லை. வலை அப்படியே இருந்தது. குருவி கொத்திக்கொண்டு போய்விட்டது என்று முடிவுகட்டினேன். புதன் காலையில் திரும்ப உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வயிறு ஒட்டிப்போய், ஆளே பாதியாகத் தெரிகிறது. நோயா?

பட்டறைக்காரன்

நோயில்லை, பிள்ளைப்பேறு. பல சிலந்திகள் முட்டைப் பையை இலையிலோ கிளையிலோ ஒட்டும். இது இறங்கி வந்து மண்ணில் சின்னக் குழி பறித்து, முட்டையை இழையால் பொதிந்து, மேலே மண்ணும் சருகும் இழுத்து மூடிவிடும். வலைக்குப் பக்கத்திலேயேதான் எங்காவது இருக்கும். தேடிக் கிளறாதீர்கள். நான் பார்த்தவை பெரும்பாலும் மரத்தடியில் இருந்தன. களைவெட்டு எப்போது?

மலைவாழை

அடுத்த வாரம். நல்லவேளை சொன்னீர்கள். முருங்கையைச் சுற்றி நாலு கல்லை நட்டு, அதற்குள் மண்வெட்டி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, சொன்னால் அக்கா வேலையை விட்டே நின்றுவிடுவார்.

இன்று காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கல்லில் மஞ்சள் பூசி, செம்பருத்தி வைத்திருக்கிறது. யாரென்று நான் விசாரிக்கவில்லை.